ஜமீன் காட்டில் ஒரு சுற்று

ஜூன் 12, திங்கள்

சாப்பிடுவதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மின்வாரியத்தில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து வெள்ளையாகவே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

காலை மூன்று இட்லி. பதினோரு மணிக்குச் சர்க்கரை போடாத டீ. அதைக் குடித்ததற்குக் குடிக்காமலே இருந்திருக்கலாம். மதியம் ஒரு கிண்ணம் சோறு, முருங்கைக்கீரை, மோர். சாயங்காலம் கடையில் முறுக்குக்கு உப்புப் பார்க்கிறேன் என்று வாயில் போட்டது எவ்வளவு என்று தெரியாது. பலகாரக் கடைக்காரி உப்புப் பார்ப்பது சாப்பாட்டில் சேருமா என்று அடுத்த முறை கேட்க வேண்டும்.

நடக்கவும் சொல்லியிருக்கிறார். ஊருக்குக் கிழக்கே ஜமீன் காடு இருக்கிறது. அந்தக் காலத்து ஜமீன்தார் வேட்டையாட வைத்திருந்த இடம். இப்போது வனத்துறை பார்த்துக்கொள்கிறது. வேலிக்குள் புள்ளிமான்களும் மயில்களும் உண்டு. காலையில் நடப்பவர்களை உள்ளே விடுகிறார்கள். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, மகள் சின்னவளாக இருந்தபோது அவளுக்கு மான் காட்ட ஒரு தடவை போனதோடு சரி.

இன்று போனேன். வாசலிலிருந்து பாதையின் இரண்டு பக்கமும் கிழட்டு இலுப்பை மரங்கள். அவற்றைத் தாண்டினால் குளம். குளத்தைச் சுற்றிக்கொண்டு போனால் பெரிய ஆலமரம். அங்கிருந்து திரும்பினால் மறுபடி வாசல். சின்னச் சுற்றுதான். நான் குளம் வரைக்கும் போய், மூச்சு வாங்கி, கரையில் உட்கார்ந்து, வந்த வழியே திரும்பிவிட்டேன்.

எதற்காக எடையைக் குறைக்க வேண்டும் என்பதை நாளைக்கு எழுதுகிறேன். கால் வலிக்கிறது.

ஜூன் 14, புதன்

நேற்று எழுதவில்லை. கடலை மாவு அரைக்க வேண்டியிருந்தது.

அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. என்ன காரணம் என்று டாக்டர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. திருச்சியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறான். அண்ணியின் ரத்த வகை சேரவில்லை. அவர்கள் மகன் இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். அப்பா அம்மா இல்லை. மிச்சம் இருப்பது நான்.

போன மாதம் சுகந்தி அண்ணி போன் செய்தார். பல வருஷங்களுக்குப் பிறகு வந்த போன். குரலே அடையாளம் தெரியவில்லை.

"மங்கை, நான் உங்கிட்ட கேக்கல. கேக்கற நெலமையில நாங்க இல்லன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியணும்ல, அதுக்காகச் சொல்றேன்" என்றார்.

மறு வாரம் பஸ் ஏறிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். வகை சேர்ந்தது. எடைதான் அதிகம். பிரஷரும் கொஞ்சம் ஏறியிருந்தது. "பத்து கிலோவாவது கொறைச்சிட்டு வாங்கம்மா, அப்புறம் பாக்கலாம். நீங்க நல்லா இருந்தாத்தான் எடுப்போம்" என்றார் டாக்டர்.

கொடுப்பதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. எடை குறைவது எப்படியும் நல்லதுதானே.

காலை இரண்டு இட்லி.

ஜூன் 25, ஞாயிறு

இன்று முழுச் சுற்று நடந்தேன். என் சாமர்த்தியம் இல்லை. ஹபீபாக்கா என்று ஒருவர் தினமும் நடக்க வருகிறார். பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறார். கறுப்பு புர்காவுக்குக் கீழே பளபளவென்று ஆரஞ்சு ஷூ. நான் குளக்கரையில் உட்காருவதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"தெனமும் இங்கனயே திரும்பிர்றீங்களே. ஆலமரம் ஒண்ணும் கடிக்காது, வாங்க."

போனேன். தூரத்திலிருந்து பார்த்தபோது நாலைந்து மரங்கள் சேர்ந்து நிற்பதாக நினைத்திருந்தேன். கிட்டப் போனால் எல்லாம் ஒரே மரம். எது அடிமரம், எது விழுது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நிழலுக்குள் மான்கள் படுத்திருந்தன. வெயில் இலைவழியே பொட்டுப் பொட்டாக விழுந்திருந்ததில் முதலில் எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒன்று காதை ஆட்டியது. உடனே சுற்றிலும் மான்களாக இருந்தன.

"எதுக்கு நடக்குறீங்க? சுகரா?" என்று கேட்டார் ஹபீபாக்கா.

"சும்மாதான்" என்றேன்.

திரும்பும் வழியில் நாவல் மரத்தடியில் ஒரு கைப்பிடி பழம் பொறுக்கித் தின்றேன். அதையும் எழுதியாயிற்று.

ஜூலை 6, வியாழன்

ரிப்பன் பக்கோடாவுக்கு எண்ணெய் காயும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

திருச்சிக்குப் போய் ரத்தம் கொடுத்ததை வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். "ம்" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கணவர் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதையும் சொன்னேன். அதற்கும் "ம்". கம்பத்தில் ஏறி வேலை செய்கிற மனிதர். கீழே இருப்பவர்களிடம் கத்திப் பேசியே குரல் தீர்ந்துவிடுகிறதோ என்னவோ, வீட்டில் அவ்வளவாகப் பேசமாட்டார்.

அவர் சம்மதிக்கவில்லை என்றால் நான் ஒன்றும் சொல்ல முடியாது. அவர் பெயர் பெனடிக்ட். நான் ஒரு கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டதை எங்கள் வீட்டில் யாரும் ஏற்கவில்லை. போகட்டும், அது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் அப்பா செத்தபோது நடந்ததை என்னால் மறக்க முடியாது. நாங்கள் மூன்று பேரும் சேதி கேட்டு அடித்துப்பிடித்துக்கொண்டு போனோம். அண்ணன் தெருமுனைக்கே வந்து மறித்தான்.

"நீ மட்டும் வா மங்கை. அந்தாளு உள்ள வரவேணாம். சொந்தக்காரங்க எல்லாம் இருக்காங்க."

நான் போனேன். உள்ளே கிடந்தது அப்பா. என்ன செய்வது? இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனையிலேயே நின்றார். பாடை கிளம்பிய பிறகு ரொம்பப் பின்னால் தள்ளி, யாருடனும் சேராமல், சுடுகாடு வரைக்கும் நடந்து போனார். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில், "உங்கப்பா மொகம் அப்படியே தூங்குற மாதிரி இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

எண்ணெய் புகைகிறது.

ஜூலை 19, புதன்

மழை. நடக்கவில்லை. வடை இரண்டு. இல்லை, மூன்று.

ஆகஸ்ட் 4, வெள்ளி

இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது.

இலுப்பை வரிசையில் போய்க்கொண்டிருந்தோம். குளத்துப் பக்கம் நாய்கள் குரைக்கிற சத்தம். வேலியில் எங்கேயோ ஓட்டை, தெருநாய்கள் இரண்டு உள்ளே வந்துவிட்டன. ஒரு மான்குட்டியை விரட்டிக்கொண்டு போய்க் குளத்துச் சேற்றில் தள்ளியிருந்தன. குட்டிக்குக் கால் புதைந்துவிட்டது. எதிர்க்கரையில் தாய் மான் நின்றுகொண்டு கத்துகிறது. மான் அப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு நாய் என்றாலே பயம். தெருவில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகப் போகிறவள். கீழே கிடந்த ஒரு காய்ந்த கிளையை எடுத்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. என்ன கத்தினேன் என்பதையும் இங்கே எழுத முடியாது. ஹபீபாக்கா பின்னாலேயே வந்து ஷூவைக் கழற்றி எறிந்தார். அது நாய்மேல் படாமல் குளத்துக்குள் விழுந்தது. ஆனாலும் நாய்கள் ஓடிவிட்டன.

குட்டி உதறிக்கொண்டு எழுந்தது. எங்களைப் பார்த்தது. எங்களையும் நாய்க் கணக்கில்தான் வைத்திருக்கும். அப்படி ஒரு பாய்ச்சல் பாய்ந்து தாயிடம் போய்ச் சேர்ந்தது.

காவலாளி வந்து வேலியை அடைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு கொக்கியால் ஷூவை எடுத்துக் கொடுத்தார். ஹபீபாக்கா அதிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏங்க, குளம் வரைக்கும் ஓடி வந்துருக்கீங்க, தெரியுமா? மூச்சுகூட வாங்கல."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

திருச்சி. ஆறு கிலோ குறைந்திருக்கிறேன். பிரஷரும் இறங்கியிருக்கிறது. டாக்டர் இந்த டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சாப்பாட்டைத் தவிர மற்றதையெல்லாம் படித்துவிட்டாரோ என்று கூச்சமாகப் போயிற்று.

அண்ணனுக்கு இன்று டயாலிசிஸ் நாள். அந்த வார்டு வழியாகத்தான் படிக்கட்டுக்குப் போக வேண்டும். கண்ணாடிக் கதவு. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் கபடி விளையாடிய கை, இப்போது குழாய் சொருகி, துவண்டு கிடந்தது. நான் உள்ளே போகவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நர்ஸ் வந்து "யாரைப் பாக்கணும்?" என்றாள். "யாரையும் இல்ல" என்று வந்துவிட்டேன்.

இன்னும் முடிவு செய்யவில்லை. பஸ்ஸில் வரும்போது, ஆபரேஷனைத் தீபாவளிக்கு அப்புறம் வைத்துக்கொண்டால்தான் கடை ஆர்டர்களை முடிக்க முடியும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

அண்ணி போன் செய்தார். என் எடையெல்லாம் விசாரித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"நேத்து அவரு நல்லபடியா வந்து சேந்தாரா? பஸ்ஸுல கூட்டம்னு சொன்னாரு."

"யாரு அண்ணி?"

"உன் வீட்டுக்காரரு. ஏன், உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. சனிக்கிழமை தோறும் வேலை இருக்கிறது என்று காலையில் போய்விட்டு இருட்டிய பிறகு வருகிறார். லைன் வேலை என்றுதான் நினைத்தேன். நாலு வாரமாகத் திருச்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறாராம். டயாலிசிஸ் நடக்கிற நேரம் முழுக்க அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். அண்ணிக்கு அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு வர முடிகிறதாம்.

"என்ன பேசிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"பேசறதா? மொத வாரம் உங்கண்ணன் சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. இவரு பேப்பர் படிச்சிட்டு எந்திரிச்சிப் போயிட்டாரு. இப்ப பேப்பர ரெண்டா பிரிச்சு ஆளுக்குப் பாதி படிக்கிறாங்க."

ராத்திரி அவருக்குச் சோறு போடும்போது எதையும் கேட்கவில்லை. இரண்டு முட்டை பொரித்து வைத்தேன். "என்ன விசேஷம்?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

அண்ணன் வந்திருந்தான்.

வீட்டுக்கு வரத் தயக்கம் என்று அண்ணி சொன்னதால் நான்தான் ஜமீன் காட்டுக்குக் கூட்டிவரச் சொன்னேன். வாடகைக் காரில் வந்தார்கள். இவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் அண்ணிக்கு டீ வாங்கித் தரேன்" என்றார்.

அண்ணனால் வேகமாக நடக்க முடியவில்லை. அவன் நடையில் நடந்தபோது, இத்தனை நாள் பார்க்காததெல்லாம் கண்ணில் பட்டது. ஓர் இலுப்பை மரத்தின் பொந்தில் இரண்டு ஆந்தைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அண்ணன் நின்று அவற்றைப் பார்த்தான். அப்புறம் அங்கே இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

"எனக்கு வேணாம் மங்கை."

"என்ன வேணாம்?"

"உன் கிட்னி. டாக்டருகிட்ட சொல்லலாம்னு இருக்கேன். ஆஸ்பத்திரிப் பட்டியல்ல பேரு பதிஞ்சிட்டு, எறந்தவங்க யாரோட கிட்னியாவது வர்ற வரைக்கும் காத்திருக்கேன்."

"எவ்வளவு நாளு காத்திருப்ப? வருஷக் கணக்காகுமாமே."

"ஆகட்டும்." தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். "அந்த மனுசன் வாராவாரம் வந்து பக்கத்துல உக்காந்துட்டுப் போறாரு. ஒரு வார்த்தை குத்திக்காட்டல. திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். நான் பண்ணதுக்கு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உங்க வீட்டுலேர்ந்து வாங்கறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், கோபம்தான் வந்தது.

"மூணு மாசமா சக்கரை இல்லாத டீ குடிக்கிறேன். பலகாரக் கடையில நின்னுக்கிட்டு ஒரு முறுக்கு வாயில போடல. நாயை வெரட்டியிருக்கேன் அண்ணே, நான். இதெல்லாம் எதுக்குப் பண்ணேன்? நீ இப்ப வேணாம்னா நான் எங்க கொண்டுபோயிக் குடுக்கறது?"

"நீ முடிவே பண்ணிட்டியா?"

"எப்பவோ பண்ணியாச்சு."

சொன்ன பிறகுதான் என் காதிலும் அது விழுந்தது. டைரியில் வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். அதை அடித்துத் திருத்தத் தோன்றவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து மான்கூட்டம் ஒன்று பாதையைக் கடந்தது. நாங்கள் சத்தம் போடாமல் இருந்ததால் ரொம்பக் கிட்டத்திலேயே போயிற்று. குட்டிகள் கடைசியில் போயின. எல்லாம் போய் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் அசையவில்லை.

வாசலுக்கு வந்ததும் அண்ணன் நேராக இவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். இவர் பிடித்த கையை விடுவித்துக்கொள்ளாமலே கார்க் கதவைத் திறந்தார். "வெயில் ஏறுது. உள்ள உக்காருங்க மொதல்ல" என்றார்.

அக்டோபர் 9, திங்கள்

எடை பத்து கிலோ இறங்கிவிட்டது. எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. பொருந்துகிறது. ஆஸ்பத்திரிக் குழு முன்னால் எங்களை உட்காரவைத்து, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்டார்கள். "எங்கண்ணன்தான் வேணாம்னு வற்புறுத்துறாரு" என்றேன். கேள்வி கேட்ட அம்மாள் சிரித்துவிட்டார். இவர் காகிதத்தை இரண்டு தடவை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இன்று காலை ஹபீபாக்காவிடம் சொன்னேன். நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

"இவ்வளவு நாளா சும்மா நடக்குறேன்னு சொன்னீங்களே?"

"முடிவாகல, அதான்."

"பயமா இருக்கா?"

இதுவரை இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. "இருக்கு" என்றேன். ஆலமரத்தடி வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். பிறகு, தீபாவளி ஆர்டருக்கு முறுக்குப் பிழிய யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். "ஆள் தேடணும்" என்றேன். "தேட வேணாம். எனக்குக் கை இருக்கு" என்றார்.

வடக்கேயிருந்து வரும் பறவைகள் வரத் தொடங்கிவிட்டன. ஆறுமணிக்குருவி ஒன்று புதருக்குள் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. இவ்வளவு நிறத்தை வைத்துக்கொண்டு ஏன்தான் புதருக்குள் ஒளிகிறதோ.

நவம்பர் 14, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. எல்லா ஆர்டரும் கொடுத்தாயிற்று. ஹபீபாக்கா பிழிந்த முறுக்கு என் முறுக்கைவிட அழகு. கோணலும் இல்லை, உடைசலும் இல்லை. தையல்காரி கை. அதிரசம் ஒன்று தின்றேன்.

நவம்பர் 21, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். நாளைக் காலை ஆபரேஷன். மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டாள். கல்லூரியில் சொல்லி லீவு வாங்கியிருக்கிறாள். கீழே அவளும் அண்ணியும் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

இவரிடம் கடைசியில் கேட்டுவிட்டேன்.

"அண்ணனைப் பாக்க ஏன் போனீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தைகூட சொல்லல."

"நீ போகச் சொல்லிப் போனேன்னு ஆயிரும்ல." எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினார். "நீ பாட்டுக்குத் தெனம் காலையில எந்திரிச்சி நடக்கப் போற. நீ என்ன முடிவு பண்ணிட்டன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு உள்ளுக்குள்ள ஆத்தாமையா இருந்துச்சு. அந்தாளுக்குக் குடுக்கணுமான்னு. அப்படி நெனச்சுக்கிட்டே கையெழுத்துப் போடறது சரியில்லன்னு பட்டுச்சு. ஆளப் போயி பாத்துட்டு வருவோம்னு போனேன்."

"பாத்தீங்களா?"

"நாலு மணி நேரம் படுத்தே கெடக்கணும். தண்ணிகூட நெனச்சபடி குடிக்க முடியாது. எழவு வீட்டுத் தெருமுனையில நிக்கறதுல்லாம் ஒண்ணுமில்ல மங்கை, அதுக்கு முன்னாடி."

அவர் இவ்வளவு சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. பேசி முடித்துவிட்டு என் போர்வையைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது. "உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை.

இனி எதுவும் சாப்பிடக் கூடாது. எழுதவும் ஒன்றுமில்லை.

நவம்பர் 25, சனி

வலி. ஆனால் எழுத வேண்டும். கிட்னியை அண்ணனுக்குள்ளே வைத்துத் தைத்த உடனேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டதாம். சிறுநீர் வந்துவிட்டது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னதும் அண்ணி அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாராம். மகள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரித்தால் தையல் இழுக்கிறது.

டிசம்பர் 11, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. கனம் தூக்கக் கூடாது. மெதுவாக நடக்கலாம். குளம் வரைக்கும் போய்த் திரும்பினேன். ஹபீபாக்கா ஆலமரத்துப் பேச்சை எடுக்காமல் கூடவே வந்து கூடவே திரும்பினார். மழைக்குப் பிறகு குளம் நிரம்பி, கரைப் புல்லெல்லாம் தண்ணீருக்குள் நிற்கிறது. ஒரு கிளையில் மீன்கொத்தி.

ஜனவரி 28, ஞாயிறு

அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். கூட்டத்தில் போகக் கூடாது, முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். காற்றோட்டமான இடத்தில் நடக்கலாமாம். காலையிலேயே நாலு பேரும் ஜமீன் காட்டுக்குப் போனோம். பனி இன்னும் விலகவில்லை. இலுப்பை மரங்களின் உச்சி தெரியவில்லை, அடிமரங்கள் மட்டும் தூண் மாதிரி நின்றன.

நானும் அண்ணியும் பின்னால். எனக்கு இன்னும் பக்கவாட்டில் கொஞ்சம் பிடிக்கிறது. அண்ணி தன் மகன் பரீட்சைக்குப் படிக்காததைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். இவரும் அண்ணனும் முன்னால். மின்கம்பத்தில் மயில் உட்கார்ந்தால் ஏன் சில சமயம் ஷாக் அடிக்கிறது, சில சமயம் அடிப்பதில்லை என்று இவர் கையை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். இரண்டு பேரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆலமரத்துக்குப் பக்கத்தில் இவர் ஷூக் கயிற்றைக் கட்டக் குனிந்தார். அண்ணன் அது தெரியாமல் சில அடி முன்னால் போய்விட்டான். போனவன் சட்டென்று நின்றான். விழுதுகளுக்கு நடுவே ஒரு பெரிய கலைமான். கொம்பு விழுதோடு விழுதாக நின்றது. பனியில் அதன் மூச்சுப் புகையாக வந்தது.

அண்ணன் திரும்பாமலே, கையை மட்டும் பின்னால் ஆட்டி, மெல்லிய குரலில் கூப்பிட்டான்.

"மாப்ள, இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் இவரை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. இவர் நிமிர்ந்தார். யாரைக் கூப்பிடுகிறான் என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் நானும் அண்ணியும்தான் இருந்தோம். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். ஒரு ஷூவில் கயிறு தொங்க, அடிமேல் அடிவைத்துப் போய் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணன் அவர் தோளில் கையை வைத்து இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று காட்டினான்.

மான் இரண்டு பேரையும் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்து மேயத் தொடங்கியது.

"நாமளும் போயி பாக்கலாமா?" என்று அண்ணி என் காதில் கேட்டார்.

"வேணாம் அண்ணி, அவங்க பாக்கட்டும்" என்றேன். நாங்கள் மெதுவாகவே நடந்தோம்.